ஒரு நாள் லீவுக்கு ஒரு தேங்காய்

திருகோணமலையில் நான் படித்த காலத்தில் எனக்கு வீடு ஒரு பேக்கரி. கடற்கரைப் பக்கத்துச் சந்து ஒன்றில், பாண் சுடும் போறணைக்குப் பின்னால், மா மூடைகளின் மேல் படுக்கை. வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக இரவில் மா குழைக்க வேண்டும், விடியும்போது சைக்கிளில் போய்ப் பாண் விற்க வேண்டும். பெட்டி காலியானதும் கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு கைத்தொழில் கல்லூரிக்கு ஓடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உப்பளம், சைக்கிள் கடை, லொறிக் கிளீனர் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அங்கே வந்து சேர்ந்தபோது தச்சு வகுப்பில் இடம் காலியாக இருந்தது. வாள் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். கல்லூரி மாணவன் ஆகிவிட்டேன்.

சாப்பாடு பெரும்பாலும் பாண்தான். விற்காமல் மிஞ்சிய பாண், கருகிய பாண், எலி கடித்த பக்கத்தை வெட்டி எறிந்த பாண். அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. உப்பளத்தில் அதுவும் இல்லை.

மாரி ஓய்ந்து மாசி பிறந்தால் அந்த ஊரில் எல்லோருக்கும் கொஞ்சம் தலை சுற்றும். கார்த்திகை, மார்கழியில் கரையை அடித்துப் பிய்த்த கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் போல அசையாமல் கிடக்கும். மாமரங்களில் பிஞ்சு பிடிக்கும். கோட்டைப் பக்கத்து மான்கள் தெருவுக்கு இறங்கி, கடை வாசல்களில் நின்று விலை கேட்க வந்த ஆட்களைப் போலப் பார்க்கும். தச்சு வகுப்பில் அந்த மாதங்களில் நாங்கள் செய்த கதிரைகள் எல்லாம் ஒரு கால் கட்டையாகவே வந்தன. எங்கள் வாத்தியாரான சேர் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, “இதுகளை மலைச்சரிவிலைதான் போட்டு இருக்க வேணும்” என்றார்.

அந்தச் சேர்தான் பங்குனி நடுவில் ஒரு நாள், வகுப்புப் பயணம் புறாமலைக்கு என்று அறிவித்தார். நிலாவெளிக் கடலுக்குள் இருக்கிற சின்னத் தீவு அது. தச்சு வகுப்பும் தட்டச்சு வகுப்பும் சேர்ந்து போவதாம். சேரின் மனைவி கூட வருவதால் பெண்பிள்ளைகளின் வீட்டிலும் விடுவார்களாம். சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஏழு மணி பஸ்ஸில் நிலாவெளி, அங்கிருந்து வள்ளம். வகுப்பு முழுவதும் மேசை வாங்கில்களைத் தட்டியது. நானும் தட்டினேன். தட்டி முடிந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்றது காதில் விழுந்தது.

ஞாயிறு என்றால் பாணுக்குத் திருவிழா. மாதா கோயில் பூசை முடிந்து வருகிற வேதக்காரச் சனம் முழுக்கப் பாண் வாங்கும். என் பெட்டி அன்றைக்கு இரண்டு தடவை நிரம்பிக் காலியாகி, நான் திரும்பப் பத்து மணி தாண்டிவிடும்.

எங்கள் முதலாளி பெரிய உடம்புக்காரர். வருடம் முழுக்கச் சிரிக்கமாட்டார். ஏசவும் மாட்டார். அன்று மாலை அவர் மா அரித்துக்கொண்டு நின்றபோது போய்க் கேட்டேன்.

“முதலாளி, வருஷத்துக்குப் பிறகு வாற ஞாயிறு எனக்கு லீவு வேணும்.”

“செத்த வீடோ?”

“இல்லை. புறாமலைக்குப் போறம்.”

“புறாமலையிலை ஆர் செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்லை முதலாளி. வகுப்புப் பிள்ளையள் எல்லாரும் போயினம். பார்க்கிறதுக்கு.”

“நிலாவெளிக் கரையிலை நிண்டால் தெரியும்தானே. கிட்டப் போய் என்னத்தைப் பார்க்கிறது?” அவர் அரிதட்டை நிறுத்தாமலே சொன்னார். “ஞாயிறு ஏலாது. வேணுமெண்டால் என்ரை தேங்காயை உடை. உடைச்சால் போ.”

ஏலாது என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார் என்பதுதான் இதற்கு அர்த்தம். அவருடைய தேங்காயை உடைக்க முடியாது என்பது எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

சித்திரை வருடப்பிறப்பன்று அந்தப் பக்கத்தில் போர்த்தேங்காய் அடிப்பார்கள். உரித்த தேங்காய் ஒன்றை ஒருவன் நிலத்தில் வைப்பான். மற்றவன் தன் தேங்காயைக் கையில் பிடித்து அதன் மேல் ஓங்கி அடிப்பான். பிறகு இவன் வைப்பான், அவன் அடிப்பான். எவனுடையது உடைகிறதோ அவன் தோற்றான். உடைந்ததை வென்றவன் கொண்டுபோவான். சாதாரணக் கறித் தேங்காய் முதல் அடியிலேயே வாயைப் பிளந்துவிடும். போர்த்தேங்காய் என்பது வேறு சாதி. சின்னது, உருண்டை, ஓடு தடித்தது. நூறு மரத்துக்கு ஒரு மரம் அப்படிக் காய்க்கும் என்பார்கள். முதலாளி தன்னுடையதை கோப்பித் தூள் வந்த ஒரு தகரப் பேணிக்குள் உமி போட்டுப் படுக்க வைத்திருந்தார். பங்குனி பிறந்ததும் தினமும் எடுத்துத் துடைத்து, காதோடு வைத்துத் தட்டிக் கேட்டுவிட்டுத் திரும்ப வைப்பார். தன் பிள்ளைகளின் காய்ச்சலைக்கூட அவர் அவ்வளவு கவனமாகத் தொட்டுப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் வகுப்பில் இரண்டு கூட்டாளிகளிடம் இதைச் சொன்னேன். ஒருவன் கிண்ணியாவிலிருந்து தினமும் பாதை ஏறி வருகிறவன். நாங்கள் பாதை என்று சொல்வது, பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றித் துறையைக் கடக்கும் மிதவை. அவன் ஒரு பகிடி சொல்ல முதலே சிரித்துவிடுவான். பகிடி பிறகு வரும், சில நாள் வராமலும் போகும். மற்றவன் சாம்பல்தீவான். சொந்தச் சைக்கிள் வைத்திருந்ததால் அவன் எங்களுக்குத் தலைவன்.

“இவ்வளவுதானே?” என்றான் சாம்பல்தீவான். “எங்கட வளவிலை எத்தினை தென்னை நிக்குது தெரியுமே? அந்தாளின்ரை தேங்காயைச் சம்பல் ஆக்கிறன் பார்.”

“நீ முதல் உன்ரை கதிரைக்குக் காலை ஆக்கு” என்றான் கிண்ணியாக்காரன்.

அன்று பின்னேரமே ஒரு சைக்கிளில் மூன்று பேர் சாம்பல்தீவுக்குப் போனோம். நான் முன்பாரில், கிண்ணியாக்காரன் பின்னால். பாலத்தடியில் பொலிஸ்காரர் ஒருவர் நின்றதால் இறங்கி நல்ல பிள்ளைகளாக உருட்டிக்கொண்டு நடந்து, வளைவு தாண்டியதும் மறுபடி ஏறினோம். வளவில் விழுந்து கிடந்த தேங்காய்களில் சின்னதாக, உருண்டையாக இருந்தவற்றைப் பொறுக்கி உரித்தோம். எது கெட்டி என்று எப்படித் தெரியும்? ஒன்றோடு ஒன்றை அடித்துப் பார்ப்பதுதான் வழி. அடித்தோம். ஒன்று உடைந்தது. உடையாததை இன்னொன்றோடு அடித்தோம். அதுவும் உடைந்தது. இருட்டுவதற்குள் முற்றத்தில் உடையாத தேங்காய் ஒன்றும் இல்லை. அவனுடைய அம்மா குசினி வாசலில் வந்து நின்று அந்தக் குவியலைப் பார்த்தார்.

“ஆற்றையும் கலியாணமோடா?”

“இல்லையம்மா, இது படிப்பு விஷயம்.”

“என்ன படிப்பெடா, என்ரை ஒரு மாதத் தேங்காய் முழுக்க உடைக்கிற படிப்பு?”

தும்புத்தடியை அவர் எடுக்க முன்னர் நாங்கள் கடலில் இறங்கிவிட்டோம். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மடியில் கட்டிக்கொண்டு வந்த தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளைத் தின்றோம். உப்புத் தண்ணீரில் நனைந்த தேங்காய் அவ்வளவு ருசி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த சனி ஞாயிறுகளில், பாண் விற்று முடித்த கையோடு, தேங்காய் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் போகாத இடம் இல்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளடியில் தென்னை இல்லை என்று தெரிந்தும் போனோம். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாளி அள்ளி ஒருவன் தலையில் மற்றவன் ஊற்றி, எது அதிகச் சூடு என்று சண்டை பிடித்தோம். உவர்மலையில் யாருடையதோ மாமரத்தில் கல் எறிந்து, வீட்டுக்காரர் வந்து, “காய் வேணுமெண்டால் கேளுங்கோவன்” என்று ஒரு கூடை தந்துவிட்டதால் வெட்கப்பட்டுத் திரும்பினோம். தேங்காய் மட்டும் கிடைக்கவில்லை.

கடைசியில் அது கிளிவெட்டியில் கிடைத்தது. சாம்பல்தீவானின் அக்காவை அங்கே கட்டிக் கொடுத்திருந்தது. மூதூர் லாஞ்சில் ஏறி, இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். அத்தான்காரர் வயல் வரம்பில் வளைந்து நின்ற ஒரு மரத்தைக் காட்டினார். அதன் தேங்காய் ஒன்றை அவர் கல்லில் அடித்தார். கல்லில் வடு விழுந்தது. இன்னொன்றை உரித்து எங்களிடம் தந்தார். கையில் வாங்கியபோது அது தேங்காய் போல இல்லை, யாரோ உருக்கி வார்த்தது போல இருந்தது.

திரும்பி வருகிற லாஞ்சில் நான் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒருவர், “போர்த்தேங்காயோ தம்பி? கொண்டாரும் பார்ப்பம்” என்று வாங்கி நகத்தால் தட்டினார். அவரிடமிருந்து அவருக்கு அடுத்தவர் வாங்கினார். கோழிக் கூடையோடு வந்த பெண் ஒருத்தி வாங்கி மணந்து பார்த்தாள். எதற்கு மணந்தாள் என்று தெரியவில்லை. தேங்காய் லாஞ்சின் முன்னணியம் வரை போய், சுக்கான்காரரிடம் நின்று, அவர் ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் தேங்காயையும் பிடித்துக்கொண்டு, “இது வெல்லும்” என்று தீர்ப்புச் சொன்ன பிறகே என்னிடம் திரும்பி வந்தது. நடுக்கடலில் அத்தனை பேரும் எங்களுக்காகக் கட்சி கட்டியிருந்தார்கள். கோழிக்காரி மட்டும், “இதைவிடப் பெரிசு எங்கட ஊரிலை இருக்கு” என்றாள்.

இதை எங்கே வைப்பது? பேக்கரியில் வைத்தால் முதலாளி கண்டுவிடுவார். சாம்பல்தீவில் வைத்தால் அந்த அம்மாவின் குசினிக்குப் போய்விடும். அவருக்கு எங்கள் மேல் ஒரு மாதத் தேங்காய்க் கோபம் இருந்தது. கிண்ணியாக்காரன் யோசித்துவிட்டுச் சொன்னான்:

“எங்கட வீட்டை வைப்பம் மச்சான். எங்கட ஆக்கள் போர்த்தேங்காய் அடிக்கிறல்ல. எடுத்து விளையாட ஒருத்தரும் இல்ல. பெட்டகத்தில வெச்ச மாதிரி.”

எவ்வளவு புத்திசாலி என்று அவன் முதுகில் தட்டினோம். அவன் கொண்டுபோனான்.

வருடப்பிறப்புக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அவனுடைய உம்மா எங்களைச் சாப்பிட வரச் சொல்லி அனுப்பினார். நாங்கள் இரண்டு பேரும் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு பாதை ஏறிப் போனோம். பாயில் இருத்திச் சோறு போட்டார்கள். பாரை மீன் ஆணம் என்ற குழம்பு, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பாற்கறி, கடைசியில் எருமைத் தயிரும் சீனியும். மிஞ்சிய பாணிலேயே மாதங்களை ஓட்டியவன் நான். அந்த ஆணத்தை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். பால் கட்டியாக, இனிப்பாக, விரலில் ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்றாம் தடவை சோறு கேட்டேன்.

“தேங்காய்ப்பால் நல்ல திறம்” என்று சாம்பல்தீவான் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னான்.

உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது. “அதுவா மகன்? அது என்ன தேங்காயோ, அல்லாவே. கத்தி வாய் மடங்கிட்டு. அம்மிக்கல்லுல அடிச்சும் உடையல்ல. பொறகு பக்கத்து வீட்டுக் கோடாலி எடுத்துத்தான் உடைச்ச. ஆனா உள்ள நல்ல பருப்பு.”

எங்கள் மூன்று கைகளும் பீங்கானில் அப்படியே நின்றன. கிண்ணியாக்காரன் எழுந்து உள்ளே போனான். வெளியே வந்தபோது அவன் கையில் இரண்டு சிரட்டைகள் இருந்தன. விரல் தடிப்பு. அவற்றை என் முன்னால் வைத்தான். நான் சாம்பல்தீவானைப் பார்த்தேன். அவன் தன் பீங்கானில் மிஞ்சியிருந்த ஆணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மிச்சத்தையும் தின்னு மச்சான்” என்றான் கிண்ணியாக்காரன். “அது உன்ர லீவு.”

அதற்குப் பிறகு எங்களால் சிரிப்பை அடக்க ஏலவில்லை. சாம்பல்தீவானுக்கு மூக்கில் சோறு ஏறிவிட்டது. விஷயம் தெரிந்ததும் உம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். “எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே மகன். தேங்காய் எண்டா ஆணத்துக்குத்தானே?” என்று கேட்டார். முதலாளிக்குக் கொடுங்கள், மனம் இளகும் என்று ஒரு சட்டி தயிர் கட்டித் தந்தார். முதலாளி அதை முழுவதும் சாப்பிட்டார். நல்ல தயிர் என்றார். மனம் இளகவில்லை.

தட்டச்சு வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். வேதக்கார வீடு, என் பாண் போகிற தெரு. காலையில் அவளுடைய அம்மா பாண் வாங்குவார். பத்து மணிக்குக் கல்லூரி விறாந்தையில் இவள் எல்லோருக்கும் கேட்க, “இண்டைக்குப் பாண் அடியிலை கருகல், பாண்காரர்” என்பாள். மரியாதையாக ‘ர்’ போட்டுத்தான் அவமானப்படுத்துவாள். ஆணத்துக்குப் போன தேங்காயின் கதை அடுத்த நாளே அவள் காதுக்கு எட்டிவிட்டது. சிரித்து முடிய அவளுக்கு ஒரு பாடவேளை முழுவதும் பிடித்தது. பிறகு விறாந்தைத் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்:

“எங்கட வீட்டு முன்கதவுக்கு முட்டுக் குடுக்கிற தேங்காய் ஒண்டு கிடக்கு. வேணுமோ?”

“கதவுக்கு ஏன் தேங்காய்?”

“உடைக்க ஏலாமல் போட்டினம். அப்பா எறிஞ்சு பார்த்தவர், ஓடு உடையேல்லை, நிலந்தான் வெடிச்சது. எத்தினை வருஷமாய்க் கிடக்கோ தெரியாது.”

“கொண்டாங்கோ.”

“நீங்கள் போனால் அந்த ஞாயிறு எங்கட வீட்டுக்குப் பாண் ஆர் தாறது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நில்லாமல் போய்விட்டாள்.

அடுத்த நாள் தேங்காய் ஒரு தட்டச்சுக் கடதாசிப் பொட்டலத்துக்குள் வந்தது. கறுத்து, வழுவழுப்பாகி, ஒரு பக்கம் கதவு உராய்ந்து தேய்ந்திருந்தது. ஆட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை. கொப்பரை கழன்று கடகடவென்று உருண்டது. சாம்பல்தீவான், “இது தேங்காய் இல்லை, கிலுகிலுப்பை” என்றான். வேறு எதுவும் எங்களிடம் இருக்கவில்லை.

வருடப்பிறப்பன்று பின்னேரம், தேங்காய் அடிக்கிற சந்தியில், எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் நிறைந்து நின்றன. முதலாளி புது வேட்டி கட்டி, கோப்பிப் பேணியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஏற்கெனவே நாலைந்து பேருடையதை உடைத்து ஓரமாகக் குவித்திருந்தார். என் முறை வந்ததும் என் தேங்காயை வாங்கி ஆட்டினார். கடகடவென்றது. கூட்டம் சிரித்தது.

“இது எந்தக் காலத்துத் தேங்காய்?”

“தெரியாது முதலாளி. கதவுக்கு வைச்சிருந்தது.”

அவர் சிரிக்கவில்லை. காதில் வைத்துத் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு என்னைக் கொஞ்சம் வேறு விதமாகப் பார்த்து, “வை” என்றார்.

வைத்தேன். அவர் ஓங்கி அடித்தார். சத்தம் கோயில் வீதி வரைக்கும் கேட்டிருக்கும். உடையவில்லை. அவர் வைத்தார், நான் அடித்தேன். என் உள்ளங்கையிலிருந்து தோள் வரைக்கும் மின்சாரம் போல ஏறியது. அதுவும் உடையவில்லை. இப்படியே மாறி மாறிப் போனது. கிண்ணியாக்காரன் என் பின்னால் நின்று, “புறாமலை, புறாமலை” என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். புறாமலை என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் சாம்பல்தீவான் விளக்கம் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் கூட்டத்தில் பாதிக்கு, இந்தப் பொடியன் கடல் பார்க்கப் போவதா பாண் விற்பதா என்பதுதான் இங்கே நடக்கிற வழக்கு என்று தெரிந்துவிட்டது. சிலர் எனக்காகக் கத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாணை நம்பி இருந்தவர்கள் முதலாளிக்காகக் கத்தினார்கள்.

என் முறை மறுபடி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். ஒரே சத்தம். கண்ணைத் திறந்தபோது நிலத்தில் நாலு பாதி கிடந்தது. இரண்டு தேங்காயும் உடைந்திருந்தன.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கூட்டத்தில் நின்ற தபால்காரர், “கீழை கிடந்ததுதான் முதல் உடைஞ்சது” என்றார்.

“கண்டனீரோ?” என்றார் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்.

“கேட்டனான்.”

“ரெண்டு சத்தம் கேட்டதோ உமக்கு?”

“எனக்கு ரெண்டு. உமக்கு ஒரு காதுதானே கேக்கும்.”

முதலாளி கீழே குந்தி, தன் தேங்காயின் ஒரு பாதியை எடுத்துப் பார்த்தார். விரலால் ஒரு சொட்டுக் கிளப்பி வாயில் போட்டார். “இனிப்பாய் இருக்கு” என்றார். பிறகு எழும்பி நின்று கையைக் காட்டினார். சந்தி அடங்கியது.

“ரெண்டும் உடைஞ்சால் ரெண்டு பேருக்கும் தோல்வி. நான் தோத்தபடியால் நீ போ. நீ தோத்தபடியால் பாணை வித்துப்போட்டுப் போ. ஒரு றாத்தலும் மிஞ்சக் கூடாது.”

“ஏழு மணிக்கு பஸ் முதலாளி.”

“அது பஸ்காரரோடை கதைக்க வேண்டிய கதை.”

பத்து மணி வரை இழுக்கிற வேலையை ஏழு மணிக்குள் முடிக்க ஒருவனால் ஏலாது. நாங்கள் மூன்று பேரும் வெள்ளிக்கிழமை கல்லூரி விறாந்தையில் கூடிக் கதைத்தோம். தட்டச்சுப் பிள்ளை தூணுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு, முதற்பூசைக்குத் தான் போவதாகவும், அங்கே ஒரு கூடை பாணை அனுப்பினால் மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள்.

சனி இரவு கிண்ணியாக்காரன் என்னோடு பேக்கரியில் தங்கினான். மா குழைக்க உதவுகிறேன் என்று தொடங்கி, கொஞ்ச நேரத்தில் மா மூடையில் நித்திரையாகிவிட்டான். ஞாயிற்றுக்கு வழமையைவிட அதிக மா. நான் கண் மூடவில்லை. வெளிச்சம் வருகிற நேரத்துக்குச் சாம்பல்தீவான் சைக்கிளில் வந்து சேர்ந்தான். என் பெட்டியில் பாதி எனக்கு, மிச்சம் கூடையில் அவனுக்கு, ஒரு சாக்கு கிண்ணியாக்காரனின் தோளில், கோயில் வாசலில் இறக்கிவிட இன்னொரு கூடை.

பாண் விற்க வெளிக்கிட்டவன் தெருவில் எப்படிக் கூவ வேண்டும் என்பதில் கிண்ணியாக்காரனுக்குச் சொந்தக் கருத்துகள் இருந்தன. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நீளத்துக்கு அவன் ‘பாண்’ என்ற ஒரே சொல்லை இழுத்தான். எங்கள் சேரின் வீடு அவனுக்கு விழுந்த தெருவில் இருந்தது. சேர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வாசல் படலையைத் திறந்து அவனைக் கண்டார்.

“இவ்வளவு சத்தம் உமக்குள்ளை இருக்கெண்டு வகுப்பிலை தெரியேல்லையே” என்றார்.

“வகுப்பில விக்கிறதுக்கு ஒண்டும் இல்லயே சேர்.”

சேர் நாலு றாத்தல் பாண் வாங்கினார். பயணத்துக்கு என்றார். சாம்பல்தீவானின் கூடையை மூன்று மான்கள் பின்தொடர்ந்தன. அவன் நின்றால் நின்றன, ஓடினால் ஓடின. அவற்றைப் பார்க்க வந்தவர்கள் பாணும் வாங்கினார்கள். கோயில் வாசலில்தான் பெரிய வியாபாரம். முதற்பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது தட்டச்சுப் பிள்ளை தலையில் முக்காட்டோடு, படிக்கட்டின் நடுவில் கூடையை வைத்துக்கொண்டு நின்றாள். திவ்விய நன்மை வாங்கிய கையோடு அந்தப் பிள்ளைக்கு இல்லை என்று சொல்லிப் போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. பாண் வேண்டாதவர்களும் வாங்கினார்கள். பூசை வைத்த சுவாமியாரும் ஒரு றாத்தல் வாங்கினார். என் பெட்டியோடு நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, அவள் கூடை காலி. என் பெட்டியில் இருந்ததையும் எடுத்து விற்றாள்.

“அடியிலை கருகல் எண்டு சொல்லேல்லையே?” என்றேன்.

“விக்கிற ஆள் அப்பிடிச் சொல்லக் கூடாது, பாண்காரர்.”

பஸ் புறப்படுவதற்கு முன்னர் வெறும் பெட்டியை முதலாளியின் முன்னால் கவிழ்த்துக் காட்டினேன். அவர் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். துகள் மட்டும் இருந்தது. “போ” என்றார். நான் சந்து முடிகிற வரைக்கும் நடந்து, அதற்குப் பிறகு ஓடினேன்.

பஸ்ஸில் எல்லோரும் பாடினார்கள். நானும் பாடினேன் என்று நினைக்கிறேன். நிலாவெளிக் கரையில் வள்ளத்தில் ஏறியது நினைவிருக்கிறது. தண்ணீர் அடிவரைக்கும் தெரிந்தது. வெறும் காலை அதற்குள் தொங்கவிட்டேன். முன்னால் புறாமலை, பாறையும் பற்றையுமாகக் கிட்ட வந்தது. வெள்ளை வெள்ளையாகச் செத்த பவளக் கல் குவிந்த கரையில் இறங்கினோம். கால் குத்தியது. சேரின் மனைவி ஒரு மரத்தின் கீழ் பாய் விரித்தார். எல்லோரும் தண்ணீருக்கு ஓடினார்கள். கிண்ணியாக்காரன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

“நீ போ. நான் முதுகைச் சாய்ச்சுப்போட்டு வாறன்” என்றேன்.

முதுகைச் சாய்த்தேன்.

யாரோ காலைப் பிடித்து ஆட்டினார்கள். கண்ணைத் திறந்தால் நிழல் மரத்தின் மற்றப் பக்கத்துக்குப் போயிருந்தது. என் நெஞ்சு வரைக்கும் மணல் மூடி, அதன் மேல் சோகியும் சிப்பியும் வைத்து அலங்காரம் செய்திருந்தார்கள். என் வயிற்றின் மேல் சாப்பிட்டு முடித்த வாழையிலை ஒன்று இருந்தது. எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“எழும்பும். காத்துக் கிளம்ப முதல் போக வேணுமாம்” என்றார் சேர். “உம்மை விட்டிட்டுப் போவமோ எண்டும் யோசிச்சனாங்கள்.”

சித்திரை மாதத்துப் புறாமலையில் ஒரு முழுப் பகலையும் நான் நித்திரையில் கழித்துவிட்டேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவ்வளவு நல்ல நித்திரை எனக்கு அதற்கு முன்னர் கிடைத்ததில்லை. மா மூடையின் சூடில்லை, எலி இல்லை, விடியப்போகிறதே என்ற பயமில்லை. உடம்பில் ஒவ்வொரு மூட்டும் புதிதாகப் பூட்டியது போல இருந்தது. மணலை உதறிக்கொண்டு எழும்பினேன். எதற்கென்று தெரியாமல் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

திரும்பி வருகிற வள்ளத்தில் எல்லோரும் என்னைச் சுற்றி இருந்துகொண்டார்கள். நான் தவறவிட்ட நாளை எனக்குத் திருப்பித் தருவதென்று முடிவு செய்திருந்தார்கள் போல. பாண் பெட்டி அளவு ஆமை ஒன்றைத் தான் தொட்டதாகச் சாம்பல்தீவான் சொன்னான். ஆமை அல்ல, பாறை என்றாள் தட்டச்சுப் பிள்ளை. பாறை எங்கேயாவது நீந்துமா என்று அவன் கேட்டான். சேரின் மனைவி பாட்டுப் பாடினாராம், சேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்கு ஆடினாராம். சேர் வள்ளத்தின் மறு முனையில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார், மறுக்கவில்லை. புறாக்கள் பாறை இடுக்குகளிலிருந்து ஒரேயடியாகக் கிளம்பியபோது வெயில் மறைந்து இருண்டுவிட்டதாம்.

எது மெய், எது பொய் என்று நான் கேட்கவில்லை. அந்த வருடக் கடைசியிலேயே கல்லூரியை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டேன். வேறு பேக்கரிகள், பிறகு வேறு வேலைகள். எங்கேயாவது புறாமலைப் பேச்சு வந்தால், போயிருக்கிறேன் என்று சொல்லி, அந்த ஆமையையும் சேரின் ஆட்டத்தையும் கண்ணால் கண்டவன் போலவே சொல்லுவேன். கேட்டவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

அன்றைய வள்ளத்துக்குக் கரை கிட்ட வந்துகொண்டிருந்தது. கிண்ணியாக்காரனுக்கு இன்னும் முறை வரவில்லை. அவன் எழும்பி நின்றான். வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. இருக்கச் சொல்லி எல்லோரும் ஏசினார்கள்.

“நீ நித்திரையாக் கிடக்கக்குள்ள ஒரு சுறா வந்தது மச்சான்” என்று தொடங்கி, மிச்சத்தைச் சொல்ல முதலே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். சிரித்துச் சிரித்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான்.

“பிறகு?” என்று கேட்டேன் நான்.